டப்பா குலுக்கலாம் வாங்க... கணக்கோட!

இன்டர்னல் மார்க் எல்லாம் ஓகேவா? சரி சரி, முறைக்காதீங்க. இந்த வாரம் மார்க்கைப் பத்திப் பேசப்போறதில்லை. காசைப் பத்திப் பேசப்போறோம். நம்ம காசு இல்லை பாஸ்... அடுத்தவங்க காசு!

உங்களுக்கு ஒரு கேள்வி. மூடியில ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவைக் கையில வெச்சுக்கிட்டு, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட "சார், ஒரு நிமிஷம்"னு நின்னிருக்கீங்களா? இல்லைன்னா ஒரு தடவை நின்னு பாருங்க. வைவாவுக்கே பயப்படாத ஆளுக்கும் நாக்கு ஒட்டிக்கும்.

நாங்க ஒன்பது பேர் நின்னோம். மூணு சனிக்கிழமை. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு. வெளியூரிலிருந்து குழந்தையின் வைத்தியத்துக்காக சென்னைக்கு வந்து, மாசக்கணக்கில் தங்கிக் கிடக்கும் குடும்பங்களுக்கு சாப்பாடும் பஸ் செலவும் கொடுக்கிற ஒரு ட்ரஸ்ட் இருக்கு. அவங்களுக்காகத்தான் வசூல். எங்க குழுவுக்கு ஒரே ஒரு ரூல்தான். சாமி கிடையாது, சாதி கிடையாது, கட்சி கிடையாது.

அந்த ரூல் எவ்வளவு கஷ்டம்னு முதல் சனிக்கிழமையே தெரிஞ்சுபோச்சு.

எந்தக் கோயிலுக்குப்பா?

முதல் வாரம் மயிலாப்பூர். கபாலீஸ்வரர் கோயில் தெப்பக்குளத்தைச் சுத்தி, மாட வீதியில் ரெண்டு ரெண்டு பேரா பிரிஞ்சு நின்னோம். தானம் தர்றதுல மயிலாப்பூரை அடிச்சுக்க ஆளே கிடையாது. பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவம் பார்த்திருப்பீங்களே? தெருவுக்குத் தெரு நீர்மோர், பானகம், புளியோதரை. யாருக்கு, எதுக்கு, எந்த ஊர்னு ஒருத்தரும் கேட்க மாட்டாங்க. கையை நீட்டினா தொன்னை வந்துடும்.

அதே மாட வீதியில் எங்க டப்பாவைப் பார்த்து எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கோயிலுக்குப்பா?" ரெண்டாவது கேள்வி, "எந்த கட்சி?" ரெண்டும் இல்லைன்னு சொன்னா முகத்துல ஒரு குழப்பம் வரும் பாருங்க... மூணாவது ஆப்ஷனே இல்லாத அப்ஜெக்டிவ் பேப்பர் மாதிரி!

அப்பதான் அந்த மாமி வந்தாங்க. கையில காய்கறிப் பை, மூக்குல சரிஞ்ச கண்ணாடி. நான் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்த டயலாக்கை முழுசா ஒப்பிச்சேன். பொறுமையா கேட்டுட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"கோயில் உண்டியலையே அதிகாரிங்க முன்னாடி கொட்டி எண்றாங்க. உங்க டப்பாவை யாருப்பா எண்ணுவா?"

"நாங்கதான் மாமி."

"அதைத்தான் நானும் நினைச்சேன்"னு சொல்லிட்டு, காசு போடாமலே போயிட்டாங்க.

செம பல்பு! ஆனா யோசிச்சா, மாமி சொன்னதுல தப்பே இல்லை. தமிழ்நாட்டில் 1959ஆம் வருடத்து அறநிலையத் துறைச் சட்டத்தின் கீழ் வருகிற கோயில்களில் உண்டியலைத் திறக்கிறதே ஒரு சடங்கு மாதிரி நடக்கும். துறை அதிகாரிங்க இருப்பாங்க, வரிசையா உட்கார்ந்து எண்ணுவாங்க, எவ்வளவு வந்ததுன்னு பேப்பர்லயே நியூஸ் வரும். சாமிக்குப் போடற காசுக்கே அவ்வளவு பாதுகாப்பு. ஒன்பது இன்ஜினீயரிங் பசங்க டப்பாவுக்கு? ஒரு செல்லோ டேப்!

ஒரு படம் ஒட்டினா டபுள் கலெக்‌ஷன்!

அன்னிக்கு மொத்தம் 1,940 ரூபாய். சாயங்காலம் தெப்பக்குளத்துப் படியில உட்கார்ந்து முழிச்சிக்கிட்டிருந்தோம். தற்செயலா அந்தப் பக்கம் வந்த எங்க காலேஜ் சீனியர் ஒருத்தர் ஐடியா கொடுத்தார். "டேய், டப்பாவுல ஒரு சாமி படம் ஒட்டுங்கடா. டபுள் கலெக்‌ஷன் ஆகும். பணம் நல்ல காரியத்துக்குத்தானே போகுது?"

ஐடியா மோசம் இல்லைன்னு எனக்கே ஒரு நிமிஷம் தோணுச்சு. எங்க குழுவில் பட்டையா விபூதி பூசற ஃப்ரெண்ட் இருக்கான். அஞ்சு வேளை தொழற தோழி இருக்கா. கழுத்துல சிலுவை போட்டவன் இருக்கான். வருஷம் பூரா கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு எல்லாரையும் வம்புக்கிழுக்கிற ஒருத்தனும் இருக்கான். விபூதியும் கறுப்புச் சட்டையும் மூணு வருஷமா எந்த விஷயத்துலயும் ஒத்துப்போனதே இல்லை. அன்னிக்கு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல "வேண்டாம்"னாங்க.

கறுப்புச் சட்டை காரணம் உங்களுக்கே தெரியும். விபூதி சொன்ன காரணம்தான் என்னை உட்கார வெச்சது. "என் சாமியை நம்பி காசு போடறவங்க, நம்மகிட்ட கணக்கு கேட்க மாட்டாங்க. அது தெரிஞ்சுதான் நாம படம் ஒட்டறோம். அப்ப அது ஏமாத்து வேலைதானே?"

சாமி பேரைச் சொன்னா நம்பிக்கை இலவசமா கிடைக்கும். கட்சி பேரைச் சொன்னா பயம் இலவசமா கிடைக்கும். நம்ம மாதிரி ரெண்டும் இல்லாத குழுக்கு மிச்சம் இருக்கிறது கணக்கு நோட்டு ஒண்ணுதான். சரி, கணக்கு நோட்டு வாங்கியாச்சு. வாங்கினவன் நான். ட்ரெஷரரும் நானே. இனிமேதான் மேட்டரே!

பாண்டி பஜாரும் பஜ்ஜியும்

ரெண்டாவது சனிக்கிழமை தி.நகர். பனகல் பார்க் பக்கம் ஒரு டீம், 2019ல் அகலமா நடைபாதை போட்டுத் திறந்தாங்களே, அந்த பாண்டி பஜார்ல ஒரு டீம். ரங்கநாதன் தெருவை ட்ரை பண்ணினோம். அங்க நாம நிற்க முடியாது பாஸ். கூட்டம் நம்மளைத் தூக்கிட்டுப் போய் ஸ்டேஷன்ல விட்டுடும்.

தி.நகர் மக்களை நாலு டைப்பா பிரிக்கலாம். நம்மளைப் பார்த்ததுமே வராத போனை எடுத்து "ஹலோ" சொல்றவங்க. "வரும்போது போடறேன்"னு போய், வேற தெரு வழியா வீட்டுக்குப் போறவங்க. "படிக்கிற வேலையைப் பாருங்கப்பா"ன்னு அட்வைஸை மட்டும் டப்பாவுல போடறவங்க. நாலாவது டைப், ஒண்ணுமே பேசாம காசு போட்டுட்டுப் போறவங்க. ஏழைங்கதான் கொடுப்பாங்க, கார்ல வர்றவங்க கொடுக்க மாட்டாங்கன்னு சினிமா டயலாக் எல்லாம் அடிக்க மாட்டேன். எல்லா மாதிரி ஆளும் கொடுத்தாங்க. எல்லா மாதிரி ஆளும் மறுத்தாங்க.

ஆனா பத்து நிமிஷத்துலயே ஒரு பிரச்னை. "சில்லறை இல்லப்பா, க்யூஆர் இருக்கா?" யூபிஐ வந்தது 2016ல். இப்ப இளநீர்க் கடையில இருந்து பூக்கார அக்கா வரைக்கும் அட்டை தொங்குது. எங்ககிட்டதான் இல்லை. உடனே ஒரு ஃப்ரெண்ட் தன்னோட சொந்த க்யூஆரையே போன்ல காட்ட ஆரம்பிச்சான். ஜிபே சத்தம் டிங் டிங்னு... எங்களுக்கு ஒரே குஷி!

சாயங்காலம் அஞ்சு மணி. வெயில்ல நின்னு நின்னு எல்லாரும் வத்தல் ஆகிட்டோம். எதிர்ல தள்ளுவண்டி. வாழைக்காய் பஜ்ஜி, டீ. யார் பர்ஸிலும் பெரிசா காசு இல்லை. "டப்பாவுல இருந்து எடுத்துக்கலாம் மச்சி, நாள் பூரா உழைச்சிருக்கோம்ல?" யார் சொன்னதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா டேப்பைப் பிரிச்சு மூடியைத் திறந்தது நான்தான். 340 ரூபாய்.

எட்டு பேர் சாப்பிட்டோம். ஒருத்தி மட்டும் எடுத்துக்கலை. எங்க குழுவுல அதிகம் பேசாத பொண்ணு. வயிறு சரியில்லையான்னு கேட்டோம். "அந்தக் குழந்தைங்க காசுல பஜ்ஜி வேண்டாம்"னு சாதாரணமா சொல்லிட்டு, தண்ணி குடிச்சா.

அவ கோபப்படலைங்க. லெக்சர் அடிக்கலை. அதான் பிரச்னையே! வாயில வெச்ச பஜ்ஜியை முழுங்கவும் முடியலை, துப்பவும் முடியலை. காலையில 'குழந்தைகளின் சாப்பாட்டுக்கு'ன்னு சொல்லி வாங்கின காசு சார் அது. கொடுத்தவர் யாரும் 'எட்டு பசங்களின் பஜ்ஜிக்கு'ன்னு கொடுக்கலை. மாமி கேட்ட கேள்விக்கு நாங்களே பதில் சொல்லிட்டோம்.

ஹாஸ்டலுக்குப் போனதும் எட்டு பேரும் ஆளுக்கு 42 ரூபாய் 50 காசு போட்டு 340ஐத் திருப்பி வெச்சோம். டப்பா கணக்கு 4,270. அடுத்தது க்யூஆர். அந்த ஃப்ரெண்டோட அக்கவுன்ட்டைத் திறந்து பார்த்தா, தலை சுத்திடுச்சு. அன்னிக்கு வந்த காசுல நன்கொடை எது, அவன் ரூம்மேட் திருப்பிக் கொடுத்த கடன் எது, அவங்க அம்மா அனுப்பின பாக்கெட் மணி எதுன்னு ராத்திரி பதினொரு மணி வரைக்கும் பிரிச்சோம். ஒரு 200 ரூபாய் மட்டும் யாருதுன்னு கடைசி வரைக்கும் தெரியலை. அதையும் நன்கொடையிலேயே சேர்த்துட்டோம். க்யூஆர் 3,155. ஆக தி.நகர் மொத்தம் 7,425.

அவன் கெட்டவன் இல்லைங்க. தங்கமான பையன். ஆனா அடுத்த வாரம் அவன் அக்கவுன்ட்ல பேலன்ஸ் குறைஞ்சு, தெரியாம அந்தக் காசுல ரீசார்ஜ் பண்ணியிருந்தா? நல்லவன் கையில இருக்கிற காசுக்கும் கணக்கு வேணும். சொல்லப்போனா அவன் நல்ல பேரைக் காப்பாத்தறதே அந்தக் கணக்குதான்.

ஒரு காலேஜ் பையன் ஓடினான்

உங்களுக்கு டெர்ரி ஃபாக்ஸைத் தெரியுமா? நம்ம ஐஐடி மெட்ராஸ் வளாகத்துல மாணவர்கள் சேர்ந்து 'டெர்ரி ஃபாக்ஸ் ரன்' நடத்தியிருக்காங்களே, அந்த டெர்ரி ஃபாக்ஸ்.

கனடாவில் நம்ம மாதிரி ஒரு காலேஜ் ஸ்டூடன்ட். 1977ல் எலும்புப் புற்றுநோயால் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துட்டாங்க. அப்ப வயசு 18. ஆஸ்பத்திரியில கூடப் படுத்திருந்த சின்னப் பசங்களைப் பார்த்தவன், ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட நாட்டைக் குறுக்கே ஓடிக் கடக்கிறதுன்னு முடிவு பண்ணினான். 1980 ஏப்ரல் 12 அன்னிக்கு, கனடாவின் கிழக்குக் கோடியில் ஆரம்பிச்சான். செயற்கைக் காலோட தினமும் ஏறக்குறைய ஒரு மாரத்தான், 42 கிலோமீட்டர். 143 நாள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1ம் தேதி நுரையீரலுக்கு நோய் பரவினது தெரிஞ்சு நிறுத்த வேண்டியதாயிடுச்சு. அடுத்த வருஷம் ஜூன் 28ல் இறந்துட்டான். 22 வயசு.

அவன் கேட்டது என்ன தெரியுமா? ஒவ்வொரு கனடாக்காரரும் ஒரு டாலர். அவ்வளவுதான். நாட்டு மக்கள்தொகை அப்ப சுமார் 2 கோடியே 40 லட்சம். 1981 பிப்ரவரியில், அவன் உயிரோட இருக்கும்போதே, வசூல் 2 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டிடுச்சு. இன்னிக்கு வரைக்கும் அவன் பேர்ல நடக்கிற ஓட்டங்கள் மூலமா 85 கோடி கனடிய டாலருக்கு மேல புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போயிருக்கு.

எனக்கு அதைவிட முக்கியமாப் பட்டது வேற விஷயம். இந்த ஓட்டத்தால் தனக்கோ, எந்தக் கம்பெனிக்கோ லாபம் வரக் கூடாதுன்னு அவன் பிடிவாதமா இருந்தான். சட்டையில விளம்பரம் கிடையாது. ஒத்தைக் கால்ல 42 கிலோமீட்டர் ஓடினவனுக்கு பஜ்ஜி சாப்பிட எவ்வளவு உரிமை இருந்திருக்கும்? யோசிச்சுப் பாருங்க!

வெளிநாட்டுக் கதை இன்னும் ஒண்ணு. அமெரிக்காவில் பென்சில்வேனியா ஸ்டேட் யுனிவர்சிட்டியில் மாணவர்கள் 1973லிருந்து ஒரு டான்ஸ் மாரத்தான் நடத்தறாங்க. 46 மணி நேரம் உட்காராம, தூங்காம ஆடணும். குழந்தைகளின் புற்றுநோய்க்காக. முதல் வருஷம் கிடைச்சது சுமார் 2,000 டாலர்தான். சமீப வருஷங்கள்ல ஒவ்வொரு வருஷமும் ஒரு கோடி டாலருக்கு மேல. டான்ஸைவிடப் பெரிய வேலை அங்க நடக்கிற கணக்கும் கமிட்டியும்தான்.

அடையாறில் சில குடிசைகள்

வெளிநாடு எதுக்கு? நம்ம அடையாறுக்கே வாங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1912ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் பட்டம் வாங்கினவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். புற்றுநோய்க்குன்னு ஒரு ஆஸ்பத்திரி வேணும்னு வருஷக்கணக்கா மோதினார். இந்திய மாதர் சங்கம் மூலமா நிதி திரட்டினார். 1952ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ல் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சப்ப இருந்தது 12 படுக்கைகள், சில குடிசைகள். அடுத்த வருஷம் அங்க சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் மறையும்வரை அந்த வளாகத்தை விட்டு நகரலை. 2005ல் மகசேசே விருது வந்தது. இன்னிக்கு 500 படுக்கைகளுக்கு மேல. வசதி இல்லாதவங்களுக்கு இலவசமாகவும் குறைஞ்ச செலவிலும் வைத்தியம்.

அந்த 12 படுக்கைக்குப் பின்னாடி எத்தனை பேர் படியேறிக் கேட்டிருப்பாங்க, எத்தனை பேர் "வரும்போது போடறேன்" சொல்லியிருப்பாங்க! நாம கேன்டீன்ல 'அடையாறு ஆஸ்பத்திரி'ன்னு சர்வசாதாரணமா சொல்றோமே, அது ஊர் கொடுத்த காசில் எழுந்து நின்ன இடம்.

நம்ம காலேஜ்கள்லயும் இந்த வழக்கம் பழசுதான். டிசம்பர் 7 கொடி நாள் 1949லிருந்து இருக்கு. ஸ்கூல்ல அந்தக் குட்டிக் கொடியை வாங்கிச் சட்டையில குத்திக்கிட்டது ஞாபகம் வருதா? என்.எஸ்.எஸ். 1969 செப்டம்பர் 24ல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு ஆரம்பிச்சது. நம்ம சென்னையிலேயே 2006 ஆகஸ்ட் 15 அன்னிக்கு நண்பர்கள் சிலர் சேர்ந்து ஆரம்பிச்ச 'பூமி' அமைப்பு, இன்னிக்கு நாட்டின் பெரிய இளைஞர் தன்னார்வக் குழுக்களில் ஒண்ணு. அக்டோபர் 2லிருந்து 8 வரைக்கும் கொண்டாடற 'தான் உத்சவ்', 2009ல் 'ஜாய் ஆஃப் கிவிங் வீக்'ங்கிற பேர்ல தொடங்கினது. அந்த வாரம் உங்க காலேஜ்ல ஏதாவது நடக்குதான்னு கேட்டுப் பாருங்க. நடக்கலைன்னா நீங்களே ஆரம்பிங்க!

காசு வேண்டாம், பொருளாவே வாங்கிக் கொடுத்துடலாமேன்னு சிலர் கேட்பீங்க. அதுலயும் உஷார்! 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் கடற்கரை ஊர்களுக்கு லாரி லாரியா பழைய துணி போச்சு. யாருக்கும் வேண்டாத துணி, ரோட்டோரத்துல மலை மாதிரி கிடந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தப்போ, எந்த ஏரியாவுக்கு என்ன வேணும்னு முதல்ல போன்ல கேட்டு, பால் பவுடர், பாய், நாப்கின்னு பிரிச்சு அனுப்பின மாணவர் குழுக்கள்தான் உருப்படியான வேலை செஞ்சாங்க. நமக்கு எது மிச்சமோ அது இல்லை, அவங்களுக்கு எது தேவையோ அது.

மணிக்கு 111 ரூபாய்

மூணாவது சனிக்கிழமை. 29சி பஸ் பிடிச்சு பெசன்ட் நகர், அப்புறம் அடையாறு சிக்னல் பக்கம். இந்தத் தடவை ரெடியா போனோம். ட்ரஸ்ட்டோட க்யூஆர், அவங்க அத்தாட்சிக் கடிதம், ரசீது புக். டப்பாவுக்குப் பூட்டு. சாவி ட்ரஸ்ட் ஆபீஸ்ல. ஒரு அட்டையில முந்தின ரெண்டு வார வசூலைப் பெரிசா எழுதிப் பிடிச்சோம். அட்டைச் செலவு, பஸ் செலவு எல்லாம் எங்க காசு. பஜ்ஜியும்தான்!

வசூல் 5,615. அட்டையைப் படிச்சுட்டு நிறைய பேர் "போன வாரக் கணக்கா இது?"ன்னு நின்னு கேட்டாங்க. அப்படி நின்னவங்க பெரும்பாலும் கொடுத்தாங்க.

எங்க குழுவுல ஒரு கால்குலேட்டர் மண்டையன் உண்டு. ஒன்பது பேர், மூணு நாள், நாளுக்கு அஞ்சு மணி நேரம். மொத்தம் 135 மணி நேரம். வசூலை வகுத்தா மணிக்கு ஏறக்குறைய 111 ரூபாய். "இதுக்கு ஆளுக்கொரு டியூஷன் எடுத்து அந்தக் காசைக் கொடுத்திருக்கலாமேடா"ன்னான்.

நியாயமான கேள்விங்க. பணம் மட்டும்தான் நோக்கம்னா, டியூஷன்தான் பெட்டர். மறுக்கவே மாட்டேன். ஆனா டியூஷன் எடுத்திருந்தா, ஒரு குழந்தைக்கு வைத்தியம்னா ஒரு குடும்பமே ஊரை விட்டு வந்து வேலையை இழந்து நிக்கும்ங்கிற விஷயம் எங்க ஒன்பது பேருக்குள்ளயே இருந்திருக்கும். மூணு வாரத்துல அதை நூத்துக்கணக்கான பேர்கிட்ட சொல்லியிருக்கோம். டெர்ரி ஃபாக்ஸ் பெரிய பணக்காரர் நாலு பேரைப் பிடிக்காம ஆளுக்கு ஒரு டாலர் கேட்டதும் அதனாலதான்னு நினைக்கிறேன். இருந்தாலும் அடுத்த தடவை ரெண்டும் செய்யறதா முடிவு. பாதிப் பேர் டியூஷன், பாதிப் பேர் டப்பா!

டப்பா எடுக்கும் முன்...

உங்க கேங்கும் கிளம்பப் போகுதா? நாங்க அடிபட்டுக் கத்துக்கிட்டதை சும்மாவே தர்றேன், எடுத்துக்கோங்க.

* யாருக்காக வசூலோ, அந்த அமைப்புகிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க. 'நல்ல காரியம்தானே'ன்னு நாமளே கிளம்பக் கூடாது.

* யாரோட சொந்த க்யூஆரும் வேண்டாம். பணம் நேரா அந்த அமைப்போட அக்கவுன்ட்டுக்குப் போகணும்.

* டப்பாவைத் திறக்கும்போது குறைஞ்சது மூணு பேர் இருக்கணும். அதுல ஒருத்தர் உங்க குழுவைச் சேராத ஆளா இருக்கணும். எண்ணின உடனே எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்க.

* செலவை வசூல்ல இருந்து எடுக்காதீங்க. எடுத்தே ஆகணும்னா, கேட்கும்போதே சொல்லிடுங்க.

* '80ஜி இருக்கா?'ன்னு கேட்பாங்க. அது பதிவு பெற்ற அமைப்புக்குத்தான் உண்டு, காலேஜ் கேங்குக்குக் கிடையாது. பழைய வரி முறையில் இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. 2017-18லிருந்து 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா அதுவும் இல்லை. முன்னாடி இந்த வரம்பு 10,000.

* அமெரிக்கக் குடியுரிமை வாங்கின சித்தப்பா பாசத்துல டாலர் அனுப்பறேன்பார். அவசரப்படாதீங்க! அது வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் வருடத்து எஃப்சிஆர்ஏ சட்டப்படி அனுமதி உள்ள அமைப்புதான் வாங்கலாம்.

* கடைசியா, காசு போய்ச் சேர்ந்ததும் கணக்கை ஊருக்குக் காட்டுங்க. போட்டோ போடறதுக்கு முன்னாடி!

கூடினாலும் தப்புதான்

கடைசி பாயின்ட்டைச் செய்யறதுக்காக நாலாவது சனிக்கிழமையும் மயிலாப்பூர் போனோம். டப்பா இல்லாம. கையில ஒரு பக்கக் கணக்கு, ட்ரஸ்ட் கொடுத்த ரசீதோட ஜெராக்ஸ். அனுமதி கேட்டு ரெண்டு மூணு கடை வாசல்ல ஒட்டினோம்.

அதே மாமி. அதே காய்கறிப் பை. நானே போய் ஒரு காப்பியை நீட்டினேன். கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு நின்ன இடத்துலயே படிச்சாங்க. மயிலாப்பூர் 1,940. தி.நகர் 7,425. அடையாறு, பெசன்ட் நகர் 5,615. விரல் விட்டுக்கூட எண்ணலை. உதடு மட்டும் அசைஞ்சது.

"கூட்டல்ல 14,970னு போட்டிருக்கே. ரசீதுல 14,980 இருக்கு. ரசீதுதான் சரி. பத்து ரூபாய் தப்பு."

ஒன்பது இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்ஸ், ஒன்பது போன், ஒன்பது கால்குலேட்டர்! நான் அசடு வழிஞ்சுக்கிட்டே, "கூடத்தானே மாமி கொடுத்திருக்கோம், குறைச்சலா இல்லையே"ன்னேன்.

"ஏஜி ஆபீஸ்ல முப்பது வருஷம் ஆடிட் பார்த்திருக்கேன். குறைஞ்சா மட்டும் இல்லைப்பா... கூடினாலும் தப்புதான்."

பேனாவை வாங்கி, 14,970ஐ அடிச்சு, பக்கத்துல 14,980னு எழுதி, சின்னதா கையெழுத்தும் போட்டாங்க. அப்புறம் பையில கையை விட்டுத் தேடினாங்க. "டப்பா எங்க?"

"இன்னிக்கு எடுத்துட்டு வரலை மாமி."

"அடுத்த தடவை வருவேள் இல்லையா? அப்ப என்னைக் கூப்பிடு. எண்றதுக்கு நான் வரேன்."

அவங்க சுழிச்ச அந்தக் கணக்குத்தாள் இப்ப என் ஹாஸ்டல் ரூம் சுவத்துல ஒட்டியிருக்கு. பக்கத்துலயே, 340 ரூபாய்னு எழுதி நான் ஒட்டி வெச்ச ஒரு சின்னச் சீட்டும்.

ஓகே ஃப்ரெண்ட்ஸ், லேப் ரெக்கார்டு கூப்பிடுது. உங்க காலேஜ்ல யாராவது டப்பாவோட வந்தா ஓடி ஒளியாதீங்க. பத்து ரூபாய் போடுங்க. கூடவே சிரிச்சுக்கிட்டே ஒரு கேள்வியும் கேளுங்க: "யார் எண்ணுவாங்க?"

அடுத்த வாரம் மீட் பண்ணலாம். வர்ட்டா!